திரிங்காப்பின் இரட்டை டேங்க் வண்டிகள்

டீசல் எஞ்சினுக்கு எரிபொருள் இரண்டு கட்டமாகப் போய்ச் சேர்கிறது. முதலில் டேங்க்கில் கிடக்கும் டீசலை உறிஞ்சி, வடிகட்டி, எஞ்சின் பக்கம் கொண்டுவர வேண்டும். பிறகு அதைத் துளித்துளியாக அளந்து, பேரழுத்தத்தில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதனதன் முறை வரும்போது பீய்ச்ச வேண்டும். முதல் வேலைக்கு ஃபீட் பம்பு, இரண்டாவது வேலைக்கு இஞ்செக்‌ஷன் பம்பு. திரிங்காப் பக்கத்து ஓட்டுநர்களின் பேச்சில் இவை சின்ன பம்பு, பெரிய பம்பு. 1970களிலும் 80களிலும் அந்த வட்டாரத்தில் ஓடிய பழைய லேண்ட் ரோவர்கள் பலவற்றில் இவற்றுக்கு முன்னால் இன்னோர் ஏற்பாடும் இருந்தது: இரண்டு டேங்க், இரண்டுக்கும் பொதுவாக ஒரு மாற்று வால்வு. வண்டி வழியில் நின்றால் பழி பெரிய பம்பின் மேல் விழும். குறையோ பெரும்பாலும் அதற்கு வெகு முன்னாலேயே, டேங்க்குக்கும் சின்ன பம்புக்கும் இடையில் கிடக்கும் சில அடிக் குழாயில் இருந்தது.

திரிங்காப் மலேசியாவில், கேமரன் மலையின் வடபாதியில், பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குப் போகும் சாலையில் இருக்கிறது. 1929இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டம் பிரிஞ்சாங் மலைச்சரிவில். புளூ வேலி தேயிலைத் தோட்டம் கம்போங் ராஜாவுக்கு அப்பால். நடுவில் முட்டைக்கோசும் தக்காளியும் விளையும் படிக்கட்டுச் சரிவுகள். சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு ஏறும் புதுச் சாலை 2000களின் தொடக்கத்தில் வரும்வரை, திரிங்காப்பிலிருந்து சமவெளிக்குப் போக ஒரே வழிதான். கீ ஃபார்ம் மேட்டில் ஏறி, பிரிஞ்சாங், தானா ராத்தா, ரிங்லெட் என்று கடந்து தாப்பாவில் இறங்க வேண்டும். அதாவது பாரம் ஏற்றிய ஒவ்வொரு வண்டியும் புறப்பட்டவுடனே மூச்சுப் பிடித்து ஏறியாக வேண்டும். எரிபொருள் ஓட்டத்தில் சிறு குறை இருந்தாலும் அந்த முதல் மேடே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். தோட்டத்து வண்டிக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. பறித்த கொழுந்து மூட்டைக்குள் கிடந்தால் சூடேறிப் புழுங்கிக் கெட்டுவிடும். அன்றைக்கே ஆலைக்குப் போயாக வேண்டும். நின்ற வண்டியால் வீணாவது வண்டிக்காரரின் பொழுது மட்டுமல்ல, காலையிலிருந்து நிரையில் நின்று பறித்த பெண்களின் உழைப்பும்தான்.

லேண்ட் ரோவர் 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. கேமரன் மலை விவசாயிகளுக்கு அது உடம்போடு ஒட்டிய உறுப்பானது. துருப்பிடிக்காத அலுமினியக் கூடு, நான்கு சக்கர இழுவை, சுத்தியலும் ஸ்பேனரும் இருந்தால் பிரித்துப் போடக்கூடிய எளிமை ஆகிய மூன்றும் சேறும் மழையும் மாறாத இந்த மலைக்குப் பொருந்தின. டீசல் வகையில் 1960களின் தொடக்கத்தில் வந்த 2,286 கன சென்டிமீட்டர் எஞ்சின் நீண்ட காலம் நிலைத்தது. நான்கு சிலிண்டர், 23க்கு 1 என்ற அமுக்க விகிதம், சுமார் 62 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் சிறிய எண்தான். ஆனால் முதல் கியரில், தாழ்கியரும் சேர, அது ஏறாத சரிவு அங்கே அரிது. 109 அங்குல நீள வண்டியில் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே ஏறக்குறைய 45 லிட்டர் கொள்ளும் ஒரு டேங்க் இருக்கும். எதிர்ப்பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் அதேபோல் ஒன்றைப் பொருத்த இடம் உண்டு. இராணுவத்துக்குச் செய்த வண்டிகளில் அப்படி இரண்டும் சேர்ந்தே வந்தன. மற்றவற்றில் இரண்டாவது டேங்க்கை உள்ளூர்ப் பட்டறைகள் பின்னால் சேர்த்தன. எண்ணெய் நிலையம் தொலைவில் இருந்த காலத்தில், மூலையில் கிடந்த கெபுன்காரருக்கு, அதாவது சிறு காய்கறித் தோட்டக்காரருக்கு, இரண்டாவது டேங்க் என்பது ஒரு நாள் வேலைக்கான உறுதி.

டேங்க்கிலிருந்தே தொடங்குவது முறை. தகர டேங்க்கின் அடியில் ஒரு வடிகால் திருகு, மேலே நிரப்பும் வாய், அளவு காட்டும் மிதவை, உறிஞ்சுகுழாய், திரும்பிவரும் டீசலுக்கு ஒரு வாய், காற்று போய்வர ஒரு சிறு துளை. இந்தத் துளையை யாரும் கவனிப்பதில்லை. டீசல் குறையக் குறைய அந்த இடத்தைக் காற்று நிரப்ப வேண்டும். துளையைச் சேறு அடைத்துவிட்டால் டேங்க்குக்குள் வெற்றிடம் வளர்ந்து, சின்ன பம்பு இழுத்தும் டீசல் வராது. அப்படி நின்ற வண்டியின் மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்று உள்ளே புகும், வண்டியும் கிளம்பிவிடும், ஐந்தாறு மைல் போய் மறுபடி நிற்கும். நின்ற வண்டியில் முதலில் திறந்து பார்க்க வேண்டியது டேங்க் மூடியைத்தான். அதற்குக் கருவி ஒன்றும் வேண்டாம் என்பதாலோ என்னவோ, பலருக்கு அது கடைசியில்தான் நினைவுக்கு வந்தது.

அடுத்தது தண்ணீர். கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. இரவில் வெப்பம் 15 டிகிரிக்கு அருகே இறங்கும். பாதி காலியான டேங்க்கில் பகலில் புகுந்த ஈரக்காற்று இரவில் தகரத்தின் உட்புறத்தில் வியர்த்து வழிந்து அடியில் தேங்கும். டீசலைவிடத் தண்ணீர் கனமானது. ஆகவே அது டேங்க்கின் அடியில், உறிஞ்சுகுழாயின் முனைக்கு அருகிலேயே இடம் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் புக இதைவிடப் பெரிய வாசல், டீசல் சேமித்து வைக்கும் டிரம். 200 லிட்டர் டிரம்களைக் கொட்டகைக்கு வெளியே நிமிர்த்தி வைத்திருப்பார்கள். மேல்மூடியைச் சுற்றியுள்ள விளிம்புக்குள் மழைநீர் குளம்போல் நிற்கும். வெயிலில் டிரம் சூடாகி உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும்; மழை பெய்து குளிர்ந்ததும் உள்ளே அழுத்தம் குறைந்து, மூடியின் மரை வழியாக அந்தத் தண்ணீரை டிரம் தானே உறிஞ்சிக்கொள்ளும். நன்றாக இறுக்கிய மூடியும் இதைத் தடுப்பதில்லை. டிரம்மைப் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் பக்கவாட்டில், டீசல் மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி உருட்டிவிட்டால் நீர் புக வழியில்லை. தோட்டத்துப் பட்டறைகளில் இந்தப் பழக்கம் கண்டிப்பாக இருந்தது. சிறு கெபுன்களில் இல்லை. வண்டிகளில் அந்த வேறுபாடு தெரிந்தது. டிரம்மிலிருந்து கைப்பம்பால் ஏற்றும்போது குழாயை அடிவரை விடாமல் நாலு விரல் உயர்த்திப் பிடிப்பது, துணி வைத்த புனல் வழியே ஊற்றுவது, மாதம் ஒருமுறை வண்டி டேங்க்கின் வடிகால் திருகைக் காலையில் வண்டியை அசைப்பதற்கு முன் திறந்து அடித்தண்ணீரை வடிப்பது ஆகியவை செலவில்லாத காவல்.

இரண்டாவது டேங்க் சேர்ந்ததும் மாற்று வால்வு வருகிறது. இருக்கைப் பெட்டியின் முகப்பில், ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் பித்தளைப் பிடி ஒன்று. ஒரு பக்கம் திருப்பினால் வலது டேங்க், மறுபக்கம் திருப்பினால் இடது டேங்க். மூன்று வாய் கொண்ட எளிய வால்வு இது: இரண்டு வாய் டேங்க்குகளுக்கு, ஒன்று எஞ்சினுக்கு. பெட்ரோல் வண்டிக்கு இதுவே போதும். டீசல் வண்டிக்குப் போதாது. சிக்கலின் மையம் இங்கேதான்.

டீசல் எஞ்சின் தான் இழுத்த எரிபொருள் முழுவதையும் எரிப்பதில்லை. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களில் ஊசியின் பக்கவாட்டில் கசிவது, பெரிய பம்பின் உடலுக்குள் சுழன்று வெளியேறுவது எல்லாம் ஒன்றுசேர்ந்து திரும்புகுழாய் வழியாக டேங்க்குக்கே போகிறது. ஒரு டேங்க் வண்டியில் இதில் பிரச்சினையில்லை. இரண்டு டேங்க் வண்டியில் போகும் குழாயை மட்டும் மாற்றி, திரும்பும் குழாயைப் பழையபடி முதல் டேங்க்கிலேயே விட்டுவிட்டால், இரண்டாவது டேங்க்கிலிருந்து ஓடும்போதெல்லாம் அதன் டீசல் சிறிது சிறிதாக முதல் டேங்க்குக்கு இடம் மாறும். முதல் டேங்க் முழுதாக இருந்தால் மூடி வழியாகவும் காற்றுத்துளை வழியாகவும் வழியும். இருக்கைக்குக் கீழே இருக்கும் டேங்க் ஆகையால் கால்மிதியில் டீசல் நாற்றம் அடிக்கும், செருப்பு வழுக்கும். ஓட்டுநர்கள் இதை டேங்க் ஓட்டை என்று நினைத்து ஈயம் வைத்து அடைத்தார்கள். அடைத்த பிறகும் வழிந்தது. இரண்டாவது டேங்க்கோ கணக்குக்கு முன்பே தீர்ந்துவிடும். எண்ணெய் அதிகம் குடிக்கிறது என்ற புகாரும் எழும்.

சரியான அமைப்புக்கு ஆறு வாய் கொண்ட வால்வு வேண்டும். ஒரே பிடி போகும் வழியையும் திரும்பும் வழியையும் சேர்த்து மாற்றும். அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1983 முதல் டீசல் எஞ்சின் பொருத்திய பிக்கப் வண்டிகளின் இரட்டை டேங்க்குகளுக்கு இந்த வேலையை மின்சார வால்விடம் விட்டது. அந்த வால்வின் உள்ளே ஒரு பக்கம் மட்டும் சிக்கிக்கொண்டால் அங்கேயும் இதே கதை: ஒரு டேங்க்கிலிருந்து எடுத்து இன்னொரு டேங்க்கில் ஊற்றும். மலையில் ஆறு வாய் வால்வு கிடைக்காத நாளில் பட்டறைக்காரர்கள் மூன்று வாய் வால்வுகள் இரண்டை அருகருகே பொருத்தி, இரண்டு பிடிகளையும் ஒரு தகடால் இணைத்தார்கள். பார்க்க அழகில்லை, குறையில்லாமல் வேலை செய்தது. அதற்கும் வழியில்லாதவர்கள் ஓர் ஒழுங்கைப் பின்பற்றினார்கள். திரும்புகுழாய் எந்த டேங்க்குக்குப் போகிறதோ அதிலிருந்து முதலில் ஓட்டிப் பாதி இறக்கிய பிறகே மற்றதற்கு மாற்றுவது. அப்படிச் செய்தால் திரும்பும் டீசலுக்கு இடம் இருக்கும்.

பெரிய லாரிகளில் வேறொரு முறையும் உண்டு. சட்டத்தின் இரு பக்கமும் டேங்க், அடியில் இரண்டையும் இணைக்கும் ஒரு தடித்த குழாய், வால்வே கிடையாது. இரண்டும் ஒரே மட்டத்தில் குறையும். சமவெளியில் சிறந்த ஏற்பாடு. மலைச்சாலையின் ஓரச்சரிவில் இரவெல்லாம் நிறுத்தினால் மேல்பக்க டேங்க் கீழ்பக்கத்துக்கு வடிந்து மூடி வழியாகக் கொட்டிவிடும். ஒரு டேங்க்கின் காற்றுத்துளை மட்டும் அடைத்துக்கொண்டால் மட்டமும் கலைந்துபோகும். இணைப்புக் குழாய் வண்டியின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஓடுவதால் கல்லடிபட்டு உடைந்தால் இரண்டு டேங்க்கும் ஒன்றாகக் காலியாகும். மேட்டு நிலத்துக்கு வால்வு வைத்த முறையே மேல் என்பது அனுபவம் தந்த முடிவு.

வால்விலிருந்து சின்ன பம்பு வரையுள்ள குழாய் உறிஞ்சுபக்கம். இங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. ஆகவே இங்கே ஓர் இணைப்பு தளர்ந்தால் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். கண்ணுக்கு எல்லாம் காய்ந்து சுத்தமாகத் தெரியும். பழுது பார்ப்பவரை ஏமாற்றுவது இதுதான். இரவில் வண்டி நின்றிருக்கும்போது அதே தளர்ந்த இணைப்பு வழியே காற்று புக, குழாயில் நின்ற டீசல் டேங்க்குக்கே இறங்கிவிடும். காலையில் நெடுநேரம் சுற்றினாலும் எஞ்சின் பிடிக்காது. ஒருமுறை பிடித்துவிட்டால் பகல் முழுவதும் ஓடும். குளிரால் இப்படி என்று மலைக்காரர்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். இந்த எஞ்சினில் சூட்டுப் பிளக்குகள் நான்கும் தொடராக இணைக்கப்பட்டவை, ஒன்று எரிந்துபோனால் நான்கும் செத்துவிடும் என்பதால் அந்தச் சந்தேகமும் நியாயமானதே. பிரித்தறிய வழி உண்டு. ஸ்டார்ட்டர் சுற்றும்போது புகைக்குழாயில் வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குப் போகிறது, எரியவில்லை: பிளக்கைப் பார்க்க வேண்டும். புகையே வரவில்லை என்றால் டீசல் போகவில்லை: குழாயைப் பார்க்க வேண்டும்.

இணைப்புகளில் செப்பு வாஷர்கள் இருக்கும். ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிப்போய் அடுத்த முறை சரியாக உட்காராது. அதைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மீண்டும் மென்மையாகிவிடும். புது வாஷர் வாங்கத் தாப்பாவுக்கு இறங்க வேண்டியிருந்த நாளில், அடுப்படியில் வாஷர் காய்ச்சாத ஓட்டுநர் குறைவு. வால்வின் பிடித்தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு வளையம் இன்னும் மோசமான இடம். திருப்பத் திருப்ப அது தேய்கிறது. இரண்டு டேங்க் வைத்த வண்டி, ஒரு டேங்க் வண்டியைவிடக் காற்று புக இரட்டிப்பு வாய்ப்புக் கொண்டது என்பதை அந்த வசதியோடு சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

சின்ன பம்பு எஞ்சினின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும். கேம்தண்டின் அசைவால் ஒரு நெம்புகோல் ஆட, ரப்பர் கலந்த துணியாலான டயஃபிரம் மேலும் கீழும் போய்வந்து டீசலை இழுத்துத் தள்ளும். உள்ளே இரண்டு சிறு வால்வுகள். அடியில் அல்லது தலையில் ஒரு கிண்ணம், பல வண்டிகளில் கண்ணாடிக் கிண்ணம். அந்தக் கண்ணாடி விலைமதிப்பில்லாதது. அதில் தண்ணீர் தனி உருண்டையாகத் தெரியும், காற்று குமிழாகத் தெரியும், துரு அடியில் படியும். மூன்று நோய்க்கும் ஒரே ஜன்னல். கையால் அடித்து டீசல் ஏற்ற ஒரு சிறு கரமும் உண்டு. அதை ஆட்டும்போது கனமே இல்லாமல் லொடலொடவென்று ஆடினால் டயஃபிரம் கிழிந்துவிட்டது என்று பலர் முடிவுகட்டினார்கள். ஆனால் எஞ்சின் நின்ற இடத்தில் கேமின் மேடு பம்பின் நெம்புகோலை ஏற்கெனவே அழுத்திப் பிடித்திருந்தால் கைக்கரத்துக்கு வேலை செய்ய இடமில்லை. எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அடித்தால் கனம் தெரியும். டயஃபிரம் உண்மையில் கிழிந்தால் டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்தாலே தெரிந்துவிடும். மட்டம் ஏறியிருப்பதும் சாட்சி. அப்படி ஓட்டுவது பேரிங்குகளுக்குக் கேடு.

ஃபில்ட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காகித மடிப்புக் குடுவை, அடியில் நீர் வடிகால், தலையில் காற்று எடுக்கும் திருகு. நேரத்துக்கு மாற்ற வேண்டும். கழுவிப் போடக் கூடாது. கழுவிய காகிதம் வடிகட்டாது, அழுக்கை மட்டும் பெரிய பம்புக்கு அனுப்பும்.

பெரிய பம்பு இந்த எஞ்சினில் சி.ஏ.வி. நிறுவனத்தின் டி.பி.ஏ. வகை. போஷ் நிறுவனம் 1927இல் தொடர் உற்பத்தியாகக் கொண்டுவந்த பம்பில் சிலிண்டருக்கு ஒரு உந்துதண்டு. 1950களில் அமெரிக்காவின் வெர்னன் ரூசா வகுத்த வழியைப் பின்பற்றிய டி.பி.ஏ.யில், எத்தனை சிலிண்டர் ஆனாலும், எதிரெதிராக நிற்கும் இரண்டே உந்துதண்டுகள். அவை ஒரு சுழலிக்குள் இருக்கின்றன. சுழலி சுற்றும்போது வெளிவளையத்தின் உள்மேடுகள் உந்துதண்டுகளை நெருக்கும். நெருங்கிய டீசல் சுழலியின் ஒற்றைத் துளை வழியாக நான்கு வாய்களுக்கும் முறைவைத்துப் போகும். எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் பம்பு ஒரு சுற்று. நாசில் சுமார் 135 வளிமண்டல அழுத்தத்தில் திறக்கிறது. தமிழ்நாட்டு வயல்களில் உழுத டாஃபே டிராக்டர்கள் பலவற்றிலும் இதே வகைப் பம்புதான். சுழலும் முறை தெரிந்தவருக்கு மலேசிய மலையும் தஞ்சை வயலும் ஒன்றே.

இந்தப் பம்புக்குத் தனி ஆயில் கிடையாது. தன் வழியே ஓடும் டீசலே அதற்கு மசகு. சுழலிக்கும் அதைச் சூழ்ந்த தலைக்கும் இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்களுக்குள் அடங்கும். அங்கே ஒரு மடக்கு தண்ணீர் போனால் மசகு அறுந்து உலோகம் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். சுழலி நொடியில் இறுகும். டேங்க்கின் அடியில் தேங்கிய வியர்வைத் தண்ணீரைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருப்பது இதனால்தான். காற்று அப்படிக் கொல்லாது. காற்றை அமுக்கினால் சுருங்கும். நாசில் திறக்கும் அழுத்தம் எழாது. எஞ்சின் நிற்கும், அவ்வளவுதான். இரண்டில் ஒன்று நடக்கத்தான் வேண்டும் என்றால் காற்றே மேல்.

டேங்க் தீர்ந்தோ இணைப்பு தளர்ந்தோ காற்று புகுந்துவிட்டால் ஏர் எடுக்க வேண்டும். அதற்கான வரிசை மாறக்கூடாது. முதலில் நிரம்பிய டேங்க்குக்கு வால்வைத் திருப்புவது. ஃபில்ட்டர் தலைத் திருகைத் தளர்த்தி, சின்ன பம்பின் கைக்கரத்தை அடித்து, நுரை போய்த் தெளிந்த டீசல் வரும்வரை காத்து, அடித்துக்கொண்டே இறுக்குவது. அடுத்து பெரிய பம்பின் உடலில் உள்ள இரண்டு திருகுகள்: கீழே தலைப்பகுதியில் ஒன்று, மேலே கவர்னர் மூடியில் ஒன்று. கீழ்த் திருகு முதலில், மேல் திருகு பிறகு. கடைசியாக நாசில் குழாய்களின் நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்றி, டீசல் துள்ளி வந்ததும் இறுக்குவது. நிதானமாகச் செய்தால் கால் மணி நேர வேலை. மழையில், இருட்டில், கீ ஃபார்ம் வளைவில், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்தவர்களுக்கு அது வேறு அளவு. அதனால்தான் முதல் டேங்க் அடிவரை தீர விடாமல், முள் கால்பங்கைத் தொட்டதும், சமதரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வால்வைத் திருப்பும் வழக்கம் வந்தது. ஏற்றத்தில் மாற்றக் கூடாது என்பதும் அதில் அடக்கம். வால்வு பாதிவழியில் நிற்கும் ஒரு கணம் எஞ்சினுக்கு டீசல் வராது. பாரத்தோடு ஏறும் எஞ்சின் அந்தக் கணத்தைத் தாங்காது.

பழுது கண்டுபிடிப்பதில் வழிமுறை எவ்வளவு முக்கியம் என்பதற்குத் திரிங்காப்பில் பலரும் அறிந்த ஒரு நிகழ்வு உண்டு. முட்டைக்கோஸ் ஏற்றும் 109 அங்குல வண்டி ஒன்று. தட்டையில் நன்றாக ஓடும். மேட்டில் பாதி ஏறியதும் பலம் வற்றி நிற்கும். சற்று நேரம் கழித்துக் கிளம்பும். பெரிய பம்பு தேய்ந்துவிட்டது என்று கழற்றி ஈப்போவுக்கு அனுப்பினார்கள். அது புதுப்பிக்கப்பட்டுத் திரும்பியது; செலவு உரிமையாளரின் ஒரு பருவத்து லாபத்தை விழுங்கியது. மாட்டி ஓட்டியதும் அதே மேட்டில் அதே இடத்தில் நின்றது. வண்டி தேயிலைத் தோட்டப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு மூத்தவரின் வாசலுக்கு வந்தது.

“அண்ணே, பெரிய பம்பு மறுபடியும் போச்சுண்ணே. கழட்டிரலாமா?”

“பம்ப தொடாத தம்பி. புகை எப்படி வருது, கருப்பா?”

“புகையே இல்லண்ணே. சும்மா மூச்சு விடுற மாதிரி நின்னுபோகுது.”

“அப்ப அதுக்கு எண்ணெய் பத்தல. அந்த அஞ்சு லிட்டர் தகரத்த எடு, ஹோசு ஒண்ணு எடு.”

தகரத்தில் சுத்தமான டீசலை ஊற்றி, எஞ்சின் மூடியைக் கழற்றிவிட்டு, முன்கண்ணாடிச் சட்டத்தில் பம்பைவிட உயரமாகக் கட்டி, அதிலிருந்து நேரே ஃபில்ட்டருக்கு ஹோஸ் கொடுத்தார். டேங்க், வால்வு, குழாய், சின்ன பம்பு எல்லாம் விலக்கப்பட்டு, எரிபொருள் தன் எடையாலேயே இறங்கும் அமைப்பு இது. அதே பாரத்தோடு அதே மேட்டில் வண்டி தயங்காமல் ஏறியது. பெரிய பம்பு குற்றமற்றது என்பது அங்கேயே உறுதியாயிற்று. பிறகு தகரத்தை நகர்த்தி நகர்த்தி, சின்ன பம்புக்கு முன், வால்வுக்குப் பின், வால்வுக்கு முன் என்று ஒவ்வொரு கட்டத்திலும் இணைத்துச் சோதித்தார். கடைசியில் குறை மாற்று வால்வின் தண்டு வளையத்தில் கிடைத்தது. தட்டையில் அது இழுத்த காற்று பம்பு சமாளிக்கும் அளவு. மேட்டில் எஞ்சினுக்கு அதிக டீசல் தேவைப்பட்டது. வண்டி மூக்கை உயர்த்தியதால் டேங்க்கிலிருந்து பம்புக்கு ஏற வேண்டிய உயரமும் கூடியது. உறிஞ்சல் வலுத்து, கூடுதல் காற்று புகுந்தது. ஒரு ரப்பர் வளையம்தான் மாற்றவேண்டியிருந்தது. இந்தத் தகரச் சோதனையைவிட நம்பகமான ஒன்று பழைய டீசல் வண்டிக்கு இல்லை. பம்பைக் கழற்றும் முன் இதைச் செய்யாத பட்டறையை நம்பி வண்டியைக் கொடுக்கக் கூடாது. ஃபில்ட்டருக்கும் பெரிய பம்புக்கும் இடையே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை மாட்டிக் குமிழ் பார்ப்பது இதற்கு நல்ல துணை.

புகையைப் பற்றி அந்த மூத்தவர் கேட்ட கேள்விக்கு மலையில் தனி முக்கியத்துவம் உண்டு. 1,400 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. டி.பி.ஏ. பம்புக்கு உயரம் தெரியாது. தாப்பாவில் தந்த அதே அளவு டீசலைத் திரிங்காப்பிலும் தரும். காற்று குறைந்து டீசல் குறையாததால் மேட்டில் கரும்புகை வருவது இயல்பு. பலமும் குறைந்து கரும்புகையும் வந்தால் காற்று போதவில்லை, ஏர் ஃபில்ட்டரைப் பார்க்கலாம். பலம் குறைந்து புகை தெளிவாக இருந்தால் டீசல் போதவில்லை. மலையில் நன்றாக ஓடும் வண்டி கொஞ்சம் புகைக்கத்தான் செய்யும். மேட்டில் சுத்தமான புகையே சந்தேகத்துக்கு உரியது.

பிற்காலத்தில் எரிபொருளே மாறியது. மலேசியா 2011 முதல் டீசலில் பனையெண்ணெயிலிருந்து செய்த உயிரி டீசலைக் கலக்கத் தொடங்கியது. முதலில் 5 விழுக்காடு, பிறகு 7, 2019இல் 10. பனை உயிரி டீசல் குளிரில் விரைவாகக் கலங்கி உறையக்கூடியது. அதோடு, உயிரி டீசலுக்குக் கரைக்கும் குணமும் உண்டு. பல ஆண்டுகளாக டேங்க்கின் சுவரில் படிந்திருந்த பிசினை அது இளக்கி ஃபில்ட்டருக்குக் கொண்டுவரும். இரண்டு டேங்க் வண்டியில், ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்ட இரண்டாவது டேங்க்குக்கு ஒருநாள் மாற்றினால் ஃபில்ட்டர் சில மைலுக்குள் அடைபடுவது இதனால். பழைய ரப்பர் ஹோசும் டயஃபிரமும் உயிரி டீசலில் ஊறி உப்பித் தளரும். வைட்டான் வகை ரப்பரால் ஆன ஹோஸ், வளையம், டயஃபிரம் என்று மாற்றிக்கொள்வதே வழி. ஹோஸ் மாற்றும்போது உறிஞ்சுபக்கத்தில் கிளிப்பை அளவாக இறுக்க வேண்டும். மிகையாக இறுக்கினால் ரப்பர் அறுந்து காற்றுக்கு வழிவிடும்.

இன்று எண்ணெய் நிலையம் எட்டும் தொலைவில் இருப்பதால் பலர் இரண்டாவது டேங்க்கைக் கழற்றிவிடுகிறார்கள். கழற்றுவதிலும் முறை உண்டு. வால்வை அப்படியே விட்டு ஒரு வாயை மட்டும் துணியோ ரப்பரோ செருகி அடைத்தால், காற்று புகும் பழைய இடம் அப்படியே இருக்கும். வால்வை முழுதாக எடுத்துவிட்டு, டேங்க்கிலிருந்து சின்ன பம்புக்கு நடுவில் இணைப்பே இல்லாத ஒரே குழாயாக ஓட்ட வேண்டும். திரும்புகுழாயையும் அதே டேங்க்குக்குக் கொண்டுவர வேண்டும். திரும்புகுழாயை மறந்து அடைத்துவிட்டால் நாசில் கசிவுக்குப் போக்கிடமின்றி அழுத்தம் ஏறி, நாசில் மேலுள்ள இணைப்புகள் ஒவ்வொன்றாகக் கசியத் தொடங்கும். டேங்க்கைக் கழற்றிய பின் அதன் அளவு காட்டும் மிதவைக்கான மின்கம்பியின் முனையையும் சுற்றிக் கட்டிவிட வேண்டும்.